செஞ்சியில் சாந்துச் சட்டி நமக்கு, டெண்டர் யாருக்கு?

பொறியியல் கலந்தாய்வு தொடங்கும் காலம் வந்தால் என் கைபேசிக்கு ஓய்வு இருக்காது. செஞ்சியைச் சுற்றியுள்ள சேரிகளில் பொறியியல் படித்து வேலைக்குப் போனவர்கள் ஊருக்கு ஒருவர், இருவர்தான். அந்த ஒருவர், இருவரிடம்தான் எல்லாப் பிள்ளைகளும் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

சென்ற முறை, மேல்மலையனூர் சாலையில் உள்ள ஒரு ஊரிலிருந்து அப்பாவும் மகளும் வந்திருந்தார்கள். அப்பா கம்பி கட்டும் வேலை செய்பவர். மகள் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். அவளுக்கு சிவில் படிக்க ஆசை. அப்பாவுக்கு அதில் துளியும் விருப்பம் இல்லை.

"நான் வெயில்ல நின்னது பத்தாதா தம்பி? அவளும் வந்து சைட்டுல நிக்கணுமா? கம்ப்யூட்டர் படிச்சா ஏசி ரூம்ல உக்காந்து வேலை செய்யும். நீங்களே சொல்லுங்க" என்றார்.

"அண்ணே, ரெண்டு நாள் டைம் கொடுங்க, யோசிச்சு சொல்றேன்" என்று அனுப்பி வைத்தேன். யோசிக்க எனக்கு நிறைய இருந்தது. என் அம்மா சித்தாள். சாந்துச் சட்டி சுமந்து என்னைப் படிக்க வைத்தவர். நான் டிப்ளமோ முடித்து, பிறகு பி.இ. சிவில் முடித்து, பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டுமானத் துறையில் இருக்கிறேன். அந்த அப்பாவின் கேள்விக்கு 'ஆமாம்' என்றோ 'வேண்டாம்' என்றோ ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. அவரிடம் பிறகு சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கட்டுமானத் துறையில் நமக்கு இடமில்லை என்பது பொய். அங்கே நாம்தான் நிறைந்திருக்கிறோம். செங்கல் சூளையில் இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. முன்பணம் வாங்கியதற்காகக் குழந்தைகளோடு சூளையிலேயே தங்கி, கல் அறுத்துக் கடன் கழிக்கும் குடும்பங்கள் அவை. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது 1976-இல். ஆனாலும் இந்தப் பகுதியில் சூளைகளிலிருந்தும் மரம் வெட்டும் இடங்களிலிருந்தும் இருளர்கள் மீட்கப்படும் செய்தி நின்றபாடில்லை. கல் உடைப்பவர், பள்ளம் தோண்டுபவர், சித்தாள், நிமிந்தாள், சென்ட்ரிங் போடுபவர், கடைசியில் கட்டி முடித்த கட்டடத்தின் சாக்கடையில் அடைப்பு எடுப்பவர் வரை யார் என்று உங்களுக்குத் தெரியும். அதே வேலைக்கு எஸ்டிமேட் போடுபவர், அளவு எழுதுபவர், பில் பாஸ் செய்பவர், டெண்டர் எடுப்பவர் என்று மேலே போகப் போக நம் ஆட்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். 'சிவிலில் வேலை இருக்கிறதா' என்று கேட்பதோடு நிறுத்தாமல், எந்தப் படியில் யாருக்கு வேலை என்றும் கேட்க வேண்டும்.

எங்கள் ஊர்க் கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகளையும் இணைத்து ஏறக்குறைய 13 கிலோமீட்டருக்கு மதில் ஓடுகிறது. கோனார்கள், நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தான்கள், மராத்தியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஆண்டவர்கள் பட்டியலை வழிகாட்டிகள் மூச்சு விடாமல் சொல்வார்கள். 1677-இல் சிவாஜி பிடித்தார் என்பதைச் சொல்வார்கள், தேசிங்கு ராஜன் கதையைச் சொல்வார்கள். அந்தப் பாறையை மேலே ஏற்றியவர் யார், சுண்ணாம்பு அரைத்தவர் யார், குளம் வெட்டியவர் யார் என்று எந்தப் பலகையிலும் இல்லை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ இந்தக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 'மராத்திய இராணுவ நிலப்பரப்புகள்' என்ற பெயரில் 12 கோட்டைகள். அவற்றில் 11 மகாராட்டிராவில், ஒன்று நம் செஞ்சி. கட்டியவர்களின் பெயர் அங்கேயும் இல்லை. இருநூறு, முந்நூறு ஆண்டு கழித்து இன்றைய நான்குவழிச் சாலைகளைப் பற்றியும் இப்படித்தான் எழுதுவார்கள் என்றால், அதில் நம் தலைமுறையின் தவறும் சேரும்.

இனி அந்தப் படிகளுக்கு வருகிறேன்.

முதல் படி அரசு வேலை. பொதுப்பணித் துறை, 2021-இல் அதிலிருந்து தனித் துறையாகப் பிரிந்த நீர்வளத் துறை, நெடுஞ்சாலைத் துறை, ஊரக வளர்ச்சித் துறை என்று உதவிப் பொறியாளர் பதவிகள் உள்ளன. டிப்ளமோ முடித்தவர்களுக்கு இளநிலை வரைதொழில் அலுவலர் பதவி இருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் தேர்வில் 69 விழுக்காடு இட ஒதுக்கீடு உண்டு. நமக்கு உச்ச வயது வரம்பே இல்லாத பதவிகள் பல. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமைச் சட்டம் 2010-இல் வந்தது. அதே ஆண்டுதான் அண்ணா பல்கலைக்கழகத்தில் சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ்வழியில் தொடங்கப்பட்டன. ஒன்றிய அரசில் ரயில்வே, மத்தியப் பொதுப்பணித் துறை போன்றவற்றில் இளநிலைப் பொறியாளர் பதவிகள் உள்ளன. அங்கே பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடு.

இந்த உரிமை வந்த கதைக்கும் பொறியியலுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. செண்பகம் துரைராசன் வழக்கை நாம் மருத்துவக் கல்லூரி வழக்கு என்றே பேசுகிறோம். அதோடு சேர்ந்து வந்த இன்னொரு வழக்கு சீனிவாசன் என்ற மாணவருடையது. அவர் கேட்டது பொறியியல் கல்லூரி இடம். வகுப்புரிமை ஆணையின்படி 14 இடங்களில் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனர்களுக்கு 2, ஒடுக்கப்பட்டோருக்கு 2, கிறித்தவர்–ஆங்கிலோ இந்தியருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பங்கு பிரிக்கப்பட்டிருந்தது. மக்கள்தொகையில் மிகச் சிறிய அளவே உள்ள பார்ப்பனர்களுக்கு ஏழில் ஒரு பங்கு இருந்தும் அது போதவில்லை. 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாது என்றது. பெரியார் தலைமையில் தமிழகம் கொதித்தது. அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து 15(4) சேர்க்கப்பட்டது. இன்று என் போன்றவர்கள் கையில் பி.இ. சான்றிதழ் இருப்பதற்குப் பின்னால் அந்தப் போராட்டம் இருக்கிறது.

ஆனால் அந்த முதல் படியையே இப்போது அடியிலிருந்து உருவுகிறார்கள். தேசிய நெடுஞ்சாலைப் பணிகள் நடக்கும் விதத்தைப் பாருங்கள். முன்பு அரசுப் பொறியாளர் வரைபடம் போடுவார், எஸ்டிமேட் தயாரிப்பார், வேலையை மேற்பார்வை செய்வார். இப்போது திட்ட அறிக்கையைத் தனியார் ஆலோசனை நிறுவனம் தயாரிக்கிறது. வடிவமைப்பும் கட்டுமானமும் ஒப்பந்த நிறுவனத்துக்கு. தரத்தைச் சரிபார்க்கவும் இன்னொரு தனியார் நிறுவனம். அரசு செய்த வேலை அப்படியே இருக்கிறது. அதைச் செய்யும் இடம் மாறிவிட்டதால் இட ஒதுக்கீடு மட்டும் காணாமல் போய்விட்டது.

'தனியார் பணம், தனியார் வேலை' என்று இதற்குச் சமாதானம் சொல்வார்கள். அதுவும் உண்மையில்லை. 'ஹாம்' என்று சொல்லப்படும் முறையில், திட்டச் செலவில் 40 விழுக்காட்டைக் கட்டும்போதே அரசு கொடுத்துவிடுகிறது. மீதி 60 விழுக்காட்டை நிறுவனம் புரட்டிப் போடுகிறது. அதையும் அரசே வட்டியோடு ஆண்டுத் தவணையாகத் திருப்பித் தருகிறது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். ஒன்றிய, மாநில அரசுகளின் பணமும், அவை திருப்பிக் கட்ட வேண்டிய கடனும்தான் அது. மெட்ரோ நிறுவனத்தின் நேரடிப் பணிகளில் இட ஒதுக்கீடு உண்டு. ஆயிரக்கணக்கான பொறியாளர்களை அமர்த்தும் ஒப்பந்த நிறுவனங்களில் கிடையாது. பணம் மக்களுடையது என்றால் வேலையிலும் மக்களுக்குப் பங்கு வேண்டும் என்று கேட்பது எந்த விதத்தில் அநியாயம்?

இரண்டாவது படி இந்தத் தனியார் வேலை. இதைப் பற்றி என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். நான் சேர்ந்த முதல் நிறுவனத்தில் நேர்காணல் பதினைந்து நிமிடம் நடந்தது. அதில் பத்து நிமிடம் கான்கிரீட் பற்றியது. மீதி ஐந்து நிமிடம் "செஞ்சியில எந்த ஊர்? ஊருக்குள்ளயா, தள்ளியா? அப்பா என்ன செய்யறார்? குலதெய்வம் எது?" என்று போனது. வேலை கிடைத்தது. சைட் ஒரு கிராமத்தில். எங்கள் மூவருக்கு அறை பார்க்கப் போனார்கள். வீட்டுக்காரர் என் ஊர்ப் பெயரைக் கேட்ட பிறகு அறை இல்லாமல் போனது. நான் மட்டும் சிமெண்ட் கிடங்கை ஒட்டிய கொட்டகையில் நான்கு மாதம் தூங்கினேன்.

அதைவிட என்னை இன்றுவரை உறுத்துவது வேறு ஒன்று. ஒரு கிராமச் சாலைப் பணி. பிரதான சாலையிலிருந்து ஊர் வழியாகச் சேரி வரை போக வேண்டிய சாலை. ஊர்த் தெரு முடியும் இடத்தில் வேலை நின்றது. மீதி முந்நூறு மீட்டர் சேரிக்கானது. "எஸ்டிமேட்டே இவ்வளவுதான், பில் இதோட முடியுது" என்றார் மேலாளர். வரைபடத்தைப் பார்த்தேன், உண்மையிலேயே கோடு அங்கே நின்றிருந்தது. அந்தக் கோட்டைப் போட்டவருக்கு அது ஒரு அளவுதான். மழைக்காலத்தில் அந்த முந்நூறு மீட்டரில் பிணத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் தெருவும் அப்படித்தான் இருந்தது. ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அம்மா சாந்துச் சட்டி தூக்குவதை அப்போதுதான் நிறுத்தியிருந்தார். அந்தச் சேரி மக்கள் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு மேல் மனுக் கொடுத்து, மூன்று ஆண்டு கழித்துத்தான் சாலையைப் பெற்றார்கள்.

சிவில் பொறியியல் சாதிக்கு அப்பாற்பட்ட அறிவியல் என்று கல்லூரியில் சொல்லிக் கொடுத்தார்கள். சிமெண்டுக்குச் சாதி இல்லை, சரி. சாலை எங்கே நிற்க வேண்டும், மேல்நிலைத் தொட்டி எந்தத் தெருவில் வர வேண்டும், கழிவுநீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதை ஒரு மனிதர்தான் முடிவு செய்கிறார். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப் போவதாக முதல்வர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். அந்தச் சொல்லோடு, வரைபடத்தில் நம் தெருவுக்கு முன்னால் நின்றுபோகும் அந்தக் கோடும் போக வேண்டும். நம் பிள்ளைகள் அந்த மேசையில் உட்கார வேண்டும் என்று நான் சொல்வது சம்பளத்துக்காக மட்டுமல்ல.

மூன்றாவது படி ஒப்பந்தம். இங்கேதான் பெரும்பணம் இருக்கிறது. இங்கேதான் நாம் அறவே இல்லை என்று சொல்லும் நிலை இருக்கிறது. திறமை இல்லாததாலா? நம் கொத்தனார்களை நம்பித்தான் இந்த மாவட்டத்தில் பாதிக் கட்டடங்கள் எழும்புகின்றன. தடை இருப்பது காகிதத்தில். ஒப்பந்ததாரராகப் பதிவு செய்யச் சொத்து மதிப்புச் சான்று கேட்கிறார்கள். முன்வைப்புத் தொகை, வங்கி உத்தரவாதம், முன்பு முடித்த வேலைக்கான சான்று என்று வரிசையாகக் கேட்கிறார்கள். நிலமே இல்லாமல் வைக்கப்பட்ட மக்களிடம் சொத்து மதிப்புச் சான்று கேட்பதும், வேலையே கொடுக்கப்படாதவரிடம் முன்அனுபவச் சான்று கேட்பதும் விதிமுறை என்ற பெயரில் நடக்கிறது. அதனால் நம் இளைஞர்கள் துணை ஒப்பந்தத்துக்கும் துணை ஒப்பந்தம் எடுத்து, வேலையை முடித்துவிட்டு, பில் தொகைக்காக இன்னொருவர் வீட்டு வாசலில் நிற்கிறார்கள்.

இதை அண்ணல் அம்பேத்கர் எப்போதோ பார்த்துவிட்டார். 1942-இல் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராகப் பொறுப்பேற்றார். பொதுப்பணியும் பாசனமும் மின்சாரமும் அவர் பார்வையில் வந்தன. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கும், இன்றைய மத்திய நீர் ஆணையத்துக்கும் அடித்தளம் போட்டது அந்தக் காலத்தில்தான். அதே 1942 அக்டோபரில் அவர் வைசிராயிடம் கொடுத்த மனுவில், கல்வியும் வேலையும் மட்டும் கேட்கவில்லை. பொதுப்பணித் துறை ஒப்பந்தங்களிலும் பட்டியல் சாதியினருக்குப் பங்கு கேட்டார். எண்பது ஆண்டுகள் கடந்தும் தமிழ்நாட்டில் அது கோரிக்கையாகவே நிற்கிறது.

பக்கத்தில் கர்நாடகத்தில் சட்டமாகவே இருக்கிறது. அரசுப் பணி ஒப்பந்தங்களில் பட்டியல் சாதியினருக்கு 17.15, பழங்குடியினருக்கு 6.95 விழுக்காடு. முதலில் 50 லட்சம் ரூபாய் வரையிலான பணிகளுக்கு. 2023-இல் அது 1 கோடியாக உயர்ந்தது. பிறகு பிற்படுத்தப்பட்டோரில் சில பிரிவினரும் சேர்க்கப்பட்டார்கள். வரம்பை 2 கோடியாக உயர்த்தி, முஸ்லிம்களுக்கு 4 விழுக்காடு சேர்க்கும் மசோதா 2025-இல் நிறைவேறியபோது, ஆளுநர் அதைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார். ஒன்றிய அரசிலும், சிறு தொழில்களிடம் செய்யும் கொள்முதலில் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 4 விழுக்காடு என்று ஒரு கொள்கை உண்டு. ஆனால் அது பொருட்களுக்கும் சேவைகளுக்கும்தான். கட்டுமானப் பணிகளுக்குப் பொருந்தாது.

அமெரிக்காவில் 1969-இல் 'பிலடெல்பியா திட்டம்' கொண்டு வந்தார்கள். அரசுப் பணத்தில் நடக்கும் கட்டுமானங்களில் கறுப்பினத் தொழிலாளர்களை இத்தனை பேர் சேர்க்க இலக்கு வைத்தால்தான் ஒப்பந்தம் என்றார்கள். அதற்கு அடிப்படையான 1965-ஆம் ஆண்டு ஆணையை 2025 ஜனவரியில் டிரம்ப் ரத்து செய்தார். ஆணையாக மட்டும் இருப்பதை ஒரு கையெழுத்தில் அழித்துவிடலாம் என்பது நமக்கும் பாடம். அதனால்தான் சட்டம் கேட்கிறோம்.

ஒப்பந்தத்தில் இட ஒதுக்கீடு என்றால் இரண்டு எதிர்ப்பு வரும். ஒன்று, தரம் கெடும் என்பது. இட ஒதுக்கீடே இல்லாமல் கட்டிய பாலங்கள் இடிந்ததை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். தரத்தைச் சோதனைக்கூடம் பார்க்கட்டும்; அது எல்லோருக்கும் ஒன்றே. இன்னொன்று பினாமி. நம் பெயரில் எடுத்து ஆதிக்க சாதிக்காரர் வேலை செய்வார் என்பது. இது நடக்கக்கூடியதுதான், மறுக்கவில்லை. உள்ளாட்சியில் தனித்தொகுதித் தலைவர்களை நாற்காலியில் உட்கார விடாமல் துணைத்தலைவர்கள் ஆண்டதையும் பார்த்தோம். அதற்காகத் தனித்தொகுதியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வங்கிக் கணக்கைச் சரிபார்க்கலாம், தளத்தில் ஆய்வு செய்யலாம், பினாமி என்று தெரிந்தால் பின்னால் இருப்பவரைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்கலாம். தமிழ்நாட்டில் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 2023 முதல் 35 விழுக்காடு மூலதன மானியம் தருகிறது. இயந்திரம் வாங்க மானியம் கொடுத்துவிட்டு, அது ஓட வேலை கொடுக்கவில்லை என்றால் இயந்திரம் வீட்டு வாசலில் துருப்பிடிக்கும். டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் தமிழ்நாட்டில் 1998 முதல் இருக்கிறது. கர்நாடகம் செய்தது போல அதைத் திருத்தினால் போதும்.

செஞ்சிக்கே திரும்பி வருகிறேன். யுனெஸ்கோ பெயர் வந்த பிறகு இங்கே சாலை, தங்குமிடம், குடிநீர், வாகன நிறுத்தம், கோட்டைப் பராமரிப்பு என்று வேலைகள் வரும், வர வேண்டும். 2006-07-இல் அனுமதிக்கப்பட்ட திண்டிவனம்–செஞ்சி–திருவண்ணாமலை ரயில் பாதையில் இன்னும் ரயில் ஓடவில்லை. அதையும் கேட்க வேண்டும். கோட்டைச் சுவரைச் செப்பனிடச் சுண்ணாம்புக் கலவை தெரிந்த கை வேண்டும், கல் கொத்தத் தெரிந்த கை வேண்டும். அந்தக் கை நம் தெருக்களில் இருக்கிறது. அவர்களைத் தினக்கூலி 'அன்ஸ்கில்ட்' என்று எழுதாமல், திறனைச் சோதித்துச் சான்று கொடுத்து, அதற்கான கூலியைக் கொடுக்க வேண்டும். அவர்களின் பிள்ளைகளுக்குப் பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்பில் டிப்ளமோ படிக்க இங்கேயே வழி செய்ய வேண்டும். இல்லையென்றால் நிபுணர்கள் வெளியிலிருந்து வருவார்கள், நாம் மறுபடியும் கல் சுமப்போம்.

இரண்டு நாள் கழித்து அந்த அப்பாவும் மகளும் மறுபடி வந்தார்கள். நான் சொன்னது இதுதான்.

"அண்ணே, படிச்சு முடிச்ச உடனே பெரிய சம்பளம் வரும்னு சொன்னா அது பொய். முதல் மூணு, நாலு வருஷம் தனியார்ல சம்பளம் கம்மிதான், கஷ்டம்தான். பொண்ணுங்களுக்குச் சைட்ல கழிப்பறைகூட ஒழுங்கா இருக்காது. 1996-லயே சட்டம் சொல்லியும் இல்லை. இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு சேர்க்கணும்."

பிறகு அவளிடம் சொன்னேன். கடன் வாங்கி, நன்கொடை கொடுத்துத் தனியார் கல்லூரியில் சிவில் சேராதே. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்ததால் 7.5 விழுக்காட்டில் உனக்குத் தனி இடம் உண்டு. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் அரசே கட்டும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வரும். அப்பா கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்து, புதுப்பித்து வைத்திருந்தால் அங்கே கல்வி உதவித்தொகை கேட்கலாம். நில அளவை, எஸ்டிமேட் போடுவது, அளவுப் புத்தகம் எழுதுவது, இந்த மூன்றையும் கல்லூரியில் சொல்லித் தராவிட்டாலும் விடுமுறையில் சைட்டுக்குப் போய்க் கற்றுக்கொள். மூன்றாம் ஆண்டிலேயே டி.என்.பி.எஸ்.சி. பாடத்திட்டத்தை எடுத்து வைத்துக்கொள். கம்ப்யூட்டர் பிரிவு கிடைத்து அதில் உனக்கு விருப்பம் இருந்தால் அதையே படி. 'நமக்கு எதுக்கு சிவில்' என்ற வெட்கத்தில் மட்டும் விடாதே. உங்க அப்பா கட்டிய கம்பி நின்றுகொண்டிருக்கும் கட்டடம் எத்தனையோ இருக்கும். அதில் அவர் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அப்பா வாரியத்தில் பதிவு செய்திருந்தார். ஆனால் மூன்று ஆண்டாகப் புதுப்பிக்கவில்லை. புதுப்பித்தால் பணம் வரும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அன்றே போய் விவரம் கேட்டுவிட்டு வந்தோம். அவள் சிவில் சேர்ந்திருக்கிறாள்.

அவள் படித்து முடித்து வெளியே வர நான்கு ஆண்டு ஆகும். அதற்குள் காலிப் பணியிடங்களை, பின்னடைவுப் பணியிடங்களை நிரப்பச் சொல்லிக் கேட்க வேண்டும். மக்கள் பணத்தில் நடக்கும் ஒவ்வொரு தனியார் ஒப்பந்தத்திலும் பொறியாளர் பணிகளுக்கு இட ஒதுக்கீடு கேட்க வேண்டும். ஒப்பந்தங்களில் பங்கு கேட்டுச் சட்டத் திருத்தம் கொண்டுவர வைக்க வேண்டும். இவை அந்தப் பெண் தனியாகச் செய்யக்கூடியவை அல்ல. அவளுக்குப் படிக்கும் வேலை இருக்கிறது. இது நம் வேலை தோழர்களே.